டேப்பர்ல வரி வரியா விழுந்த பட்டையும், அத கண்டுபிடிச்சு சரி பண்ணி குடுத்த சர்வீஸ்கார அண்ணனும்

சேலத்துல சிஎன்சி லேத் (கம்ப்யூட்டர் கன்ட்ரோல்ல ஓடற கடைசல் மெஷின்) வச்சு ஜாப் ஒர்க் பண்றவங்களுக்கு உபயோகமா இருக்கும்னு இத எழுதறேன். நாலு மாசம் முன்னாடி எங்க மெஷின்ல ஒரு ஃபினிஷ் பிரச்சனை வந்துச்சு, மூணு வாரம் அதோடயே மல்லுக்கட்டினோம், கடைசில கொண்டலாம்பட்டி பக்கம் இருந்து ஒரு சர்வீஸ் அண்ணன் வந்து சரி பண்ணி குடுத்தாரு. பேர போட வேணாம்னு அவரே சொல்லிட்டாரு, ஒத்த ஆளா ஓடிட்டு இருக்காரு, ஃபோன் அடிச்சுட்டே இருந்தா மெஷின்கிட்ட நிக்க முடியாதுங்கறாரு. அந்த பைபாஸ் ஓரமா இருக்கற எந்த மெஷின் ஷாப்ல போய் "டயல் வச்சு பாக்கற அண்ணன்"னு கேட்டாலும் ஆள காட்டுவாங்க. நல்ல சர்வீஸ்னு ஒரு வரில முடிச்சுடலாம், ஆனா அவரு என்ன பண்ணாருன்னு முழுசா சொன்னாதான் இதே பட்டை விழுந்து முழிச்சிட்டு இருக்கற இன்னொருத்தருக்கு புரியும், அதனால கொஞ்சம் நீளமா தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

எங்க ஷாப் சூரமங்கலம் பக்கம். ரெண்டு சிஎன்சி, ஒரு பழைய லேத், ஒரு பில்லர் ட்ரில்லிங் மெஷின், அவ்ளோதான். ஆத்தூர் பக்கத்து ஜவ்வரிசி மில்லுங்களுக்கும் சில நூல் மில்லுங்களுக்கும் ப்ளோவர் ஃபேன் பண்ணி குடுக்கற ஒரு கஸ்டமர் இருக்காரு, ஃபேன பேலன்சிங் பண்றதுக்கு மாண்ட்ரல் (ஃபேன மாட்டி சுத்தி பாக்கற தண்டு) வேணும்னு கேட்டாரு. ஈஎன்8 ஸ்டீல் ராடு, விட்டம் 25 மில்லி, டேப்பர் (விட்டம் கொஞ்சம் கொஞ்சமா ஏறற சரிவு) நீளம் 200 மில்லி, அந்த 200 மில்லிக்கும் சேத்து விட்டம் 24.95-ல இருந்து 25.05-க்கு போகணும், அதாவது மொத்தமே 0.1 மில்லி தான் ஏறுது, கணக்குல சொன்னா 2000-க்கு 1. ஃபேன் போர உள்ள தள்ளினா எங்கயோ ஒரு இடத்துல கப்புனு பிடிச்சுக்கணும், அதுக்கு தான் இந்த சரிவு. ஃபினிஷ் ஆர்ஏ (மேற்பரப்போட சொரசொரப்பு அளவு) 0.8 மைக்ரான். கிரைண்டிங் வேணாம், டர்னிங்லயே முடிச்சு குடுங்க, ரேட்டு கட்டுப்படியாகலன்னாரு. நாங்களும் இதென்ன பெரிய விஷயம், கிட்டத்தட்ட நேர் டர்னிங் மாதிரி தானேன்னு ஒத்துக்கிட்டோம். நேர் டர்னிங்குக்கும் இதுக்கும் எவ்ளோ தூரம்னு அப்பறம் தான் தெரிஞ்சுது.

முதல் பீஸ் வெளிய வந்ததும் கைல எடுத்து தடவி பாத்தேன், வழுவழுன்னு இருந்துச்சு. ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சு பாத்தா, மொத்த நீளத்துக்கும் வரி வரியா பட்டை. ஒரு பட்டை கொஞ்சம் மங்கல், அடுத்தது கொஞ்சம் பளிச், மறுபடி மங்கல். பட்டுப்பொடவை பார்டர்ல கோடு வருமே அந்த மாதிரி சீரா. நகத்த வச்சு இழுத்தா மாட்டல, மைக்ரோமீட்டர்ல பிடிச்சாலும் ஒழுங்கா காட்டல, ஆனா கண்ணுக்கு தெரியுது. ஆர்ஏ மீட்டர் வச்சா 0.7 காட்டுது. கஸ்டமர்கிட்ட மீட்டர் ரீடிங்க காட்டி ட்ராயிங்ல கேட்டது இருக்குங்கன்னு வாதாடினேன், அவரு ஒரு ஃபேன எடுத்து மாட்டி காட்டினாரு, ஒரு தடவ ஒரு இடத்துல பிடிக்குது, கழட்டி மறுபடி போட்டா கொஞ்சம் தள்ளி பிடிக்குது. பட்டையோட மேடு எங்க இருக்கோ அங்க போய் உக்காருது. அவரு சொன்னது நியாயம்.

அந்த மீட்டர் ஏன் 0.7 காட்டுச்சுன்னு பின்னாடி அந்த அண்ணன் தான் சொன்னாரு, இத நெறய பேரு கவனிக்கறதில்ல. ஆர்ஏ மீட்டர்ல கட்-ஆஃப் 0.8 மில்லின்னு இருக்கும், அதுக்கு மேல நீளமா இருக்கற அலைய அது வடிகட்டிட்டு, ஃபீட் கோடு மாதிரி பக்கத்துல பக்கத்துல இருக்கற மேடு பள்ளத்த மட்டும் தான் கணக்குல எடுக்கும். நம்ம பட்டை பத்து மில்லிக்கு மேல இடைவெளில வருது, அத மீட்டர் பாக்கவே பாக்காது. மீட்டர் பொய் சொல்லல, நாம தான் அதுகிட்ட தப்பான கேள்விய கேட்டுட்டு இருந்தோம்.

சரி, மூணு வாரம் நாங்க என்ன பண்ணோம்னு சுருக்கமா சொல்லிடறேன். இன்சர்ட் (டூல்ல வெட்டற முனைத் துண்டு) மூணு கிரேடு மாத்தினோம். நோஸ் ரேடியஸ் 0.8 போட்டு பாத்தோம், 0.4 போட்டு பாத்தோம். வைப்பர் இன்சர்ட் வாங்கி போட்டோம், ஃபினிஷ் கண்ணாடி மாதிரி வந்துச்சு, அந்த கண்ணாடில பட்டை இன்னும் தெளிவா தெரிஞ்சுது. கூலண்ட்ட புதுசா கலந்தோம். டெயில்ஸ்டாக் (ராடோட மறுமுனைய தாங்கற பகுதி) பிரஷர ஏத்தி இறக்கினோம், ரிவால்விங் சென்டர புதுசு மாத்தினோம். ஜி96-ல (விட்டத்துக்கு ஏத்த மாதிரி ஸ்பீட மாத்தற கமாண்டு) ஓடினதால ஸ்பிண்டில் ஸ்பீடு மாறி தான் இப்படி வருதோன்னு ஜி97 (ஒரே ஸ்பீடுல ஓட்டறது) போட்டு பாத்தோம், 25 விட்டத்துல 0.1 மாறினா 2500 ஆர்பிஎம்ல பத்து ஆர்பிஎம் தான் மாறும், அதுல என்ன வந்துடப்போவுது, ஆனா அன்னிக்கு இருந்த பதட்டத்துல அதையும் பண்ணோம். ரஃபிங்க கையால படி படியா எழுதியிருந்தோம், அதனால ஃபினிஷிங்குக்கு நிக்கற மெட்டல் சமமா இல்லயோன்னு அதையும் மாத்தி, பக்கத்துக்கு 0.2 மில்லி சமமா நிக்கற மாதிரி டேப்பர்லயே ஒரு செமி ஃபினிஷ் பாஸ் ஓட்டினோம். இது மட்டும் நல்ல மாத்தம், அதுல ரெண்டு மூணு பெரிய படி கோடு காணாம போச்சு. ஆனா அந்த சீரான பட்டை அப்படியே இருந்துச்சு.

எங்க ஆபரேட்டர் தம்பி, ஐடிஐ முடிச்சு வந்து ரெண்டு வருஷம் ஆகுது, அவன் ஒரு நாள் சொன்னான், "அண்ணா, லூப் பம்ப்ப (நகர்ற பாகங்களுக்கு எண்ணெ அனுப்பற பம்ப்பு) கையால நாலஞ்சு தடவ அமுக்கிட்டு ஓட்டினா அடுத்த பீஸ் கொஞ்சம் நல்லா வருது". நான் அத காதுல போட்டுக்கல. தற்செயலா இருக்கும்டான்னு சொல்லிட்டேன். அத மட்டும் அன்னிக்கே கேட்டிருந்தா ரெண்டு வாரம் மிச்சம், இன்னிக்கும் அந்த பையன பாக்கறப்ப எனக்கு மனசு உறுத்தும்.

நடுவுல வேற ஒரு சர்வீஸ் ஆள கூப்பிட்டோம், யாருன்னு சொல்லல, சொல்றதுல பிரயோஜனமும் இல்ல. வந்தாரு, ஜாப்ப ஒரு நிமிஷம் பாத்தாரு, "எக்ஸ் பேக்லாஷ் சார்"னாரு (எக்ஸ்னா டூல் ஜாப்ப நோக்கி உள்ள வெளிய நகர்ற அச்சு, பேக்லாஷ்னா திசை மாறும்போது வீணாபோற நகர்வு), கன்ட்ரோல்ல பேக்லாஷ் காம்பன்சேஷனுக்கான பேராமீட்டர் 1851-ல எக்ஸுக்கு 8-னு இருந்தத 20-னு மாத்தினாரு, 6000 ரூவா வாங்கிட்டு போயிட்டாரு. டயல் ஒண்ணும் வைக்கல. அவரு போனப்பறம் பட்டை ஒரு துளி குறையல, அதோட டேப்பர் முடிஞ்சு அண்டர்கட் (சின்ன பள்ளம்) போட்டு எக்ஸ் திரும்பற எடத்துல புதுசா ஒரு கோடு வேற விழ ஆரம்பிச்சுது. பேக்லாஷ் காம்பன்சேஷன்ங்கறது அச்சு திசை மாறும்போது சேக்கற எக்ஸ்ட்ரா நகர்வு தானே, டேப்பர் வெட்டும்போது எக்ஸ் ஒரே திசைல தான் போயிட்டு இருக்கு, வெட்டுக்கு நடுவுல அது எங்க திரும்புது? திரும்பாத எடத்துல காம்பன்சேஷன் என்ன பண்ணும்? இது எனக்கு அப்ப தோணல. இப்ப தோணுது.

அப்பறம் தான் ஒரு ஃப்ரெண்டு மூலமா இந்த அண்ணன் நம்பர் கிடைச்சுது. திங்கக்கிழமை கூப்பிட்டேன், வியாழக்கிழமை தான் வர முடியும்னாரு. அவசரம்னு கெஞ்சினேன், "வியாழக்கிழமை முழு நாளும் மெஷின எனக்கு குடுங்க, நடுவுல ஜாப் போடறேன்னு கேக்காதீங்க, அப்பதான் வருவேன்"னாரு. கொஞ்சம் கடுப்பா தான் இருந்துச்சு. ஆனா ஃபோன்லயே ரெண்டு கேள்வி கேட்டாரு, அப்பவே இவரு வேற மாதிரி ஆளுன்னு புரிஞ்சுது. முதல் கேள்வி, பட்டைக்கு பட்டை எத்தன மில்லி இடைவெளி? ரெண்டாவது, மெஷின் பாக்ஸ் வே-ஆ (ஸ்லைடு எண்ணெ படலத்து மேல வழுக்கறது) இல்ல எல்எம் கைடா (குண்டு, உருளை மேல உருள்றது)? மூணு வாரமா பட்டைய பாத்துட்டு இருக்கேன், ஒரு தடவ கூட அத அளந்து பாக்கணும்னு எனக்கு தோணல.

வியாழக்கிழமை காலைல ஒம்பது மணிக்கு வந்தாரு, டிவிஎஸ் வண்டில, சீட்டுக்கு முன்னாடி ஒரு தகர பெட்டி. டீ குடிங்கண்ணான்னா அப்பறம்னுட்டாரு. முதல்ல கெட்டுப்போன பீஸ் ஒண்ண வாங்கி ட்யூப் லைட் கீழ உருட்டி உருட்டி பாத்தாரு, மார்க்கர் பேனாவால ஒவ்வொரு பளிச் பட்டைலயும் ஒரு புள்ளி வச்சாரு, வெர்னியர் வச்சு அஞ்சு இடைவெளி அளந்தாரு. 60 மில்லி. "ஒண்ணு 12 மில்லி. உங்க இசட் பால்ஸ்க்ரூ பிட்ச் எவ்ளோ?" 10-னு சொன்னேன் (இசட்னா ஜாப்போட நீளவாக்குல போற அச்சு, பிட்ச்னா அத நகத்தற ஸ்க்ரூ ஒரு சுத்துக்கு நகத்தற தூரம்). "அப்ப இசட் பால்ஸ்க்ரூ இல்ல, அதுவா இருந்தா பட்டை பத்து பத்தா வந்திருக்கும்"னுட்டு ஒரு பேப்பர்ல கணக்கு போட்டாரு. 2000-க்கு 1 டேப்பர்ல 12 மில்லி போனா விட்டம் எவ்ளோ மாறணும்? 0.006. ஆறு மைக்ரான். "உங்க எக்ஸ் ஆறு மைக்ரானுக்கு ஒரு தடவ தான் நகருது தம்பி. நடுவுல நின்னுக்குது."

எனக்கு அந்த நிமிஷம் உண்மையிலயே சிலிர்த்துச்சு. மெஷின தொடல, கவர் கழட்டல, ஒரு வெர்னியர வச்சே கிட்டத்தட்ட முடிச்சுட்டாரு.

ஆனா அதோட விடல, நிரூபிக்கணும்னாரு. மூணு ட்ரையல் பீஸ் ஓட்ட சொன்னாரு. ஒண்ணு அதே டேப்பர்ல ஃபீட மட்டும் மாத்தி, பட்டை அதே 12 மில்லி. ரெண்டாவது ஆர்பிஎம் குறைச்சு, அதுவும் 12. "ஜாப் அதிர்ந்தாலோ ஸ்பிண்டில்ல, பெல்ட்டுல கோளாறு இருந்தாலோ ஃபீடயோ ஆர்பிஎம்மயோ மாத்தினா இடைவெளியும் மாறிடும், இது மாறல"னாரு. மூணாவது டேப்பர ரெண்டு மடங்காக்கி, 1000-க்கு 1. பட்டை 6 மில்லிக்கு வந்துச்சு. பாதி. ஆபரேட்டர் தம்பி வாய பொளந்துட்டு நின்னான். சரிவு கூடினா ஆறு மைக்ரான் சீக்கிரம் சேந்துடுது, பட்டை நெருங்கிடுது, இன்னும் நல்லா சரிவான டேப்பர்ல ஃபீட் கோட்டோட கலந்து கண்ணுக்கே தெரியாம போயிடும். அதனால தான் இதே மெஷின்ல நாங்க வழக்கமா போடற மோர்ஸ் டேப்பர் எல்லாம் (அது இருபதுக்கு ஒண்ணு கணக்கு) எந்த கம்ப்ளெயிண்டும் இல்லாம போயிட்டு இருந்துச்சு. மெஷின் நல்லா தான் இருக்குன்னு நான் நம்பினதுக்கு அதுவே காரணம்.

அப்பறம் டயல். இது தான் அவரு ஸ்பெஷல். தகர பெட்டில பழைய துணில சுத்தி ஒரு மைக்ரான் லீவர் டயல், மிட்டுடோயோ. மேக்னட் பேஸ சக் முகத்துல ஒட்டி, டயல் முனைய டர்ரெட்ல ஒரு டூல் ஹோல்டர் மேல எக்ஸ் திசைல தொட வச்சாரு. ஹேண்ட்வீல (கையால அச்ச நகத்தற சக்கரம்) ஒன்னு பெருக்கல்ல, அதாவது ரொம்ப சின்ன அடில போட்டு ஒவ்வொரு சொடுக்கா சுத்தினாரு. எங்க கன்ட்ரோல்ல எக்ஸ் விட்டத்துல ஓடுது, ஒரு சொடுக்குக்கு ஸ்க்ரீன்ல 0.001 மாறும், ஸ்லைடு நிஜமா நகர்றது அதுல பாதி, ஆக ரெண்டு சொடுக்குக்கு டயல்ல ஒரு கோடு போகணும். ஒண்ணு. ரெண்டு. முள்ளு அசையல. மூணு, நாலு, அஞ்சு, அசையல. ஆறாவது சொடுக்குக்கு முள்ளு டக்குனு மூணு கோடு தாண்டி நின்னுச்சு. மறுபடி ஒண்ணு, ரெண்டு, மூணு... ஆறுல டக். என்ன கூப்பிட்டு சுத்த சொன்னாரு, தம்பியயும் சுத்த சொன்னாரு. அந்த முள்ளு செத்த மாதிரி நின்னு திடீர்னு எகிறறத பாக்கறப்ப, ஜாப் மேல விழுந்த ஒவ்வொரு பட்டையும் எப்படி பொறக்குதுன்னு கண்ணு முன்னாடி தெரிஞ்சுது.

ஏன் நிக்குதுன்னு தம்பிக்கு அவரு சொன்ன விளக்கம் இது. வீட்ல பழைய மர மேஜைல இழுப்பறை இருக்கும்ல, வேகமா இழுத்தா வந்துடும், மெதுவா இழுத்தா வரவே வராது, இன்னும் கொஞ்சம் அழுத்தினா டொக்குனு ஒரு குதி குதிச்சு நிக்கும், அம்மா மெழுகுவத்திய தேச்சு விடுவாங்க, அப்பறம் வழுக்கிட்டு வரும். எக்ஸ் ஸ்லைடும் அதே இழுப்பறை தான். நாங்க 2500 ஆர்பிஎம், 0.08 ஃபீட்ல ஓட்டறோம், நிமிஷத்துக்கு இசட் 200 மில்லி போகுது, அதே ஒரு நிமிஷத்துல எக்ஸ் ஸ்லைடு நகர வேண்டியது மொத்தமே 0.05 மில்லி. மெல்லிசான ஒரு தலைமுடியோட கனம். அவ்ளோ பெரிய வெயிட்ட ஒரு நிமிஷத்துல ஒரு முடி அளவு நகத்துறதுன்னா, அடில எண்ணெ படலம் இல்லன்னா அது ஒட்டி ஒட்டி தான் நகரும். நேர் டர்னிங்ல எக்ஸ் சும்மா நிக்குது, அதனால தெரியாது. சரிவான டேப்பர்ல நல்ல வேகத்துல போகுது, அங்கயும் தெரியாது. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற சப்பையான டேப்பர்ல தான் எல்லா குட்டும் வெளிய வருது.

கவர கழட்டினோம். ஸ்லைட பாக்கறதுக்கு முன்னாடி பால்ஸ்க்ரூ பேரிங்கயும் ஒரு கை பாத்துடலாம்னு சொல்லி, ஸ்க்ரூ முனைல இருக்கற சென்டர் ஓட்டைல கிரீஸ் தடவி அரிசி மணி சைஸ்ல ஒரு ஸ்டீல் குண்ட ஒட்டினாரு, டயலோட தட்டை முனைய அது மேல வச்சு எக்ஸ்ஸ முன்னயும் பின்னயும் ஆட்டினாரு, ஒரு மைக்ரான் தான் ஆடுச்சு, பேரிங் நல்லா இருக்குன்னுட்டாரு. இந்த எடத்துல எனக்கு அவரு மேல மரியாத ரொம்ப கூடிடுச்சு, ஏன்னா பேரிங் போச்சு மாத்தணும்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன், பெரிய பில்லா போட்டிருக்கலாம்.

கவருக்கு அடில பாத்தா ஸ்லைடு காஞ்சு போய் கெடக்கு. எண்ணெ இருக்க வேண்டிய எடத்துல காப்பி கலர்ல பிசுபிசுன்னு ஒரு பசை, அதுல பொடி சில்லு ஒட்டியிருக்கு. லூப் லைன ஒவ்வொண்ணா கழட்டி பம்ப்ப அமுக்க சொன்னாரு, மத்த எல்லா லைன்லயும் சொட்டு சொட்டா வருது, எக்ஸ் ஸ்லைடுக்கு போற லைன்ல ரொம்ப நேரம் கழிச்சு ஒரு சொட்டு. அளவா எண்ணெ விடற மீட்டரிங் கார்ட்ரிட்ஜ் உள்ள கருப்பா அடைச்சிருந்துச்சு. முழுசா அடைக்கல, கொஞ்சூண்டு வழி இருந்துச்சு, தம்பி கையால பம்ப்ப அமுக்கினப்ப அடுத்த பீஸ் நல்லா வந்ததுக்கு அது தான் காரணம். அவன் சொன்னது சரின்னு அந்த அண்ணன் அவன் தோள்ல தட்டி சொன்னாரு.

ஏன் அடைச்சுதுன்னு கேட்டாரு. டேங்க்ல என்ன ஆயில் ஊத்தறீங்கன்னாரு. இங்க எங்க தப்ப ஒத்துக்கணும். ஸ்லைட்வே ஆயில் 68 தான் ஊத்தணும், ஆனா ஒரு தடவ கேன் தீந்து போச்சு, லீ பஜார் வரைக்கும் யாரு போறதுன்னு பக்கத்துல இருந்த ஹைட்ராலிக் ஆயில் 46-அ ஊத்திட்டாங்க, அப்பறம் அதுவே பழக்கம் ஆயிடுச்சு. ரெண்டும் எண்ணெ தானேன்னு நெனச்சோம். ஸ்லைட்வே ஆயில்ல இந்த ஒட்டி ஒட்டி நகர்றத தடுக்கறதுக்குன்னே மருந்து சேத்திருப்பாங்க, கூலண்ட் பட்டாலும் சட்டுனு கழுவிட்டு போகாம ஸ்லைடுல ஒட்டி நிக்கும், ஹைட்ராலிக் ஆயில் அந்த வேலைக்கு பண்ணதே இல்ல. கேன் வெல மிச்சம் பிடிச்சோம்னு நெனச்சோம், மாண்ட்ரல்ல அத விட பல மடங்கு போச்சு.

சரி பண்ண வேலை மத்தியானத்துக்கு மேல தான். பழைய ஆயில எல்லாம் வடிச்சு டேங்க்க கழுவினாங்க, ஃபில்டர மாத்தினாங்க, லைன்ல ஏர் அடிச்சு சுத்தம் பண்ணாங்க. கார்ட்ரிட்ஜ் அவருகிட்ட ஸ்டாக் இல்ல, இது ஒரு குறை, கோயம்புத்தூர்ல இருந்து வரணும், ரெண்டு நாள் ஆச்சு, அந்த ரெண்டு நாளும் மெஷின் நின்னுச்சு. மூணாவது நாள் வந்து மாட்டினாரு. கிப்பயும் (ஸ்லைடோட இடைவெளிய டைட் பண்ற ஆப்பு) பாத்தாரு, யாரோ எப்பவோ டைட்டா பிடிச்சு விட்டிருக்காங்க, ஒரு பக்க ஸ்க்ரூவ லூஸ் பண்ணி மறுபக்கத்த கொஞ்சூண்டு ஏத்தி, டயல வச்சு ஸ்லைட ஆட்டி பாத்து, மறுபடி திருப்பி, இப்படியே ஒரு மணி நேரம் பொறுமையா பண்ணாரு. ரொம்ப லூஸ் விட்டா ஜாப் அதிரும், ரொம்ப டைட்டா விட்டா பழைய கதை. 1851-அ பழையபடி 8-க்கு கொண்டு வந்து, பெரிய டயல வச்சு சரி பாத்து, கடைசில 7-ல நிறுத்தினாரு. அண்டர்கட்டு பக்கத்துல விழுந்த கோடு அதோட போச்சு.

மறுபடி ஹேண்ட்வீல். ரெண்டு சொடுக்கு, ஒரு கோடு. ரெண்டு சொடுக்கு, ஒரு கோடு. எப்பவாச்சும் ஒரு தடவ மூணாவது சொடுக்குக்கு போச்சு, அவ்ளோதான்.

பீஸ் ஓட்டினோம். வெளிச்சத்துல சாய்ச்சு பாத்தா பட்டை இல்ல. முழு நீளமும் ஒரே சாயல். ஆனா டெயில்ஸ்டாக் பக்கம் முதல் பத்து மில்லி மட்டும் ஒரு மாதிரி, மைக்ரோமீட்டர்ல பாத்தா அந்த பத்து மில்லியும் டேப்பரே இல்லாம நேரா வந்திருக்கு. எனக்கு பகீர்னுச்சு. அவரு சிரிச்சுட்டே ப்ரோக்ராம காட்டுங்கன்னாரு. டூல் மேல இருந்து கீழ இறங்கி ஸ்டார்டிங் பாயிண்டுக்கு வருது, வெட்ட ஆரம்பிச்சதும் எக்ஸ் மேல ஏறணும். அதாவது வெட்டோட முதல் அடியே திசை மாத்தம். காம்பன்சேஷன் போட்டும் மிச்சம் ஒரு அஞ்சு மைக்ரான் விட்டத்துல தொலைஞ்சா, 2000-க்கு 1 டேப்பர்ல அது பத்து மில்லி நீளம். அந்த பத்து மில்லி தான் நேரா வந்தது. அவரு பண்ணது ஒரே ஒரு வரி. ஜாப் முகத்துக்கு மூணு மில்லி முன்னாடி காத்துலயே எக்ஸ்ஸ ஸ்டார்டிங் விட்டத்த விட அரை மில்லி கீழ கொண்டு போய், அங்கிருந்து மெதுவா மேல ஏத்தி ஸ்டார்டிங்குக்கு கொண்டு வந்து, அப்பறம் டேப்பருக்குள்ள விட்டாரு. சென்டர்ல இடிக்குமான்னு முதல்ல சிங்கிள் பிளாக்ல ஓட்டி பாத்துக்கிட்டாரு. திசை மாத்தம் காத்துலயே முடிஞ்சுடுது, ஜாப்ப தொடும்போது எக்ஸ் ஏற்கனவே ஏறிட்டு இருக்கு. அடுத்த பீஸ்ல அந்த பத்து மில்லியும் சரியாயிடுச்சு. மெஷின்ல ஒண்ணுமே செலவு பண்ணாம கிடைச்சது இது, பாக்ஸ் வே மெஷின் வச்சிருக்கறவங்க எல்லாரும் இன்னிக்கே போட்டு பாக்கலாம்.

காசு விஷயம். ரெண்டு விசிட்டுக்கும் சேத்து 4500 வாங்கினாரு, கார்ட்ரிட்ஜ், ஃபில்டர், ட்யூப் எல்லாம் சேத்து 2200, கடை பில்ல அப்படியே கைல குடுத்தாரு. ஸ்லைட்வே ஆயில் நாங்களே வாங்கிக்கிட்டோம். ஒண்ணும் பண்ணாம பேராமீட்டர தட்டிட்டு போனவருக்கு குடுத்த 6000-அ நெனச்சா வயிறு எரியுது.

குறைன்னா சிலது இருக்கு, சொல்லிடறேன். கூப்பிட்ட அன்னிக்கே வர மாட்டாரு, மூணு நாலு நாள் ஆகும், மெஷின் படுத்துடுச்சுன்னா அந்த நாலு நாள் நமக்கு நாலு மாசம். அவசர பார்ட்ஸ் கையிருப்பு வச்சுக்கறதில்ல. டிரைவு, போர்டு, ஸ்பிண்டில் ஆம்ப்ளிஃபையர் மாதிரி எலக்ட்ரானிக்ஸ் பக்கம் கையே வைக்க மாட்டாரு, அது என் வேலை இல்லன்னு நேரடியா சொல்லிடுவாரு. ஜிஎஸ்டி பில்லு கேட்டு மூணு தடவ ஞாபகப்படுத்த வேண்டி இருந்துச்சு. வருஷ கான்ட்ராக்ட் எடுங்கண்ணான்னு கேட்டேன், மாட்டேன்னுட்டாரு, தேவைப்பட்டா கூப்பிடுங்கன்னாரு. அப்பறம் வேலை நடக்கறப்ப யாரும் பக்கத்துல நின்னு பேசினா பிடிக்காது, எங்கப்பா ரெண்டு தடவ குரல் குடுத்து முகம் சுண்டி திரும்பி வந்தாரு.

ஆனா ஒண்ணு சொன்னாரு, இதுக்காகவே அவர நான் நம்பறேன். கிளம்பறப்ப சொன்னாரு, "தம்பி, இந்த மாண்ட்ரல் ஆர்டர் எப்பவாச்சும் வந்தா இந்த மெஷின்ல ஓட்டிக்கோங்க. மாசா மாசம் வந்துச்சுன்னா கஸ்டமர்கிட்ட பேசி கிரைண்டிங்குக்கு மாத்திடுங்க. ஒரு மைக்ரான், ரெண்டு மைக்ரான் வேலைய இந்த மெஷின்கிட்ட தெனமும் கேக்கறது அதுக்கு கஷ்டம்". என்ன திரும்ப திரும்ப கூப்பிட வைக்கற மாதிரி ஒரு வார்த்த அவரு சொல்லல. நான் கஸ்டமர்கிட்ட பேசினேன், இப்ப பெரிய சைஸ் மாண்ட்ரல் மட்டும் 0.3 விட்டு டர்ன் பண்ணி கிரைண்டிங்குக்கு அனுப்பறோம், 25 சைஸ் நாங்களே முடிச்சு குடுக்கறோம்.

நாலு மாசம் ஆச்சு. போன வாரம் முப்பது பீஸ் போச்சு, ஒண்ணு கூட திரும்பல. நாங்களே ஒரு மைக்ரான் டயல் வாங்கி வச்சுட்டோம், திங்கக்கிழமை காலைல மெஷின் ஆன் பண்ணதும் தம்பி சக்ல மேக்னட் பேஸ ஒட்டி இருபது சொடுக்கு சுத்துவான், பத்து கோடு போனா நோட்டுல டிக் அடிப்பான். ரெண்டு வாரம் முன்னாடி ஒரு தடவ எட்டு கோடு தான் போச்சு, பாத்தா லூப் டேங்க்ல லெவல் குறைஞ்சிருந்துச்சு, ஊத்தி பத்து தடவ பம்ப்ப அமுக்கினதும் சரியாயிடுச்சு. ஹைட்ராலிக் ஆயில் கேன இப்ப அந்த ரூம்லயே வைக்கறதில்ல.

அவர கூப்பிடறதா இருந்தா காலைல எட்டு மணிக்கு முன்னாடி கூப்பிடுங்க, அதுக்கப்பறம் எடுக்க மாட்டாரு. கூப்பிடறதுக்கு முன்னாடி பட்டைக்கு பட்டை எத்தன மில்லின்னு அளந்து வச்சுக்கோங்க, பால்ஸ்க்ரூ பிட்ச்சயும் பாத்து வச்சுக்கோங்க, முதல்ல அதத்தான் கேப்பாரு.